முத்தும் நாடியும்: அரிப்புக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அருவியாறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்துப் பெருநிலக் கரையில் அமைந்துள்ள அரிப்பு என்னும் சிற்றூர், ஈழத்து வரலாற்று நூல்களிலே பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களிலேயே தலைகாட்டுகின்றது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1679 ஒக்டோபரில் தப்பி வந்து சேர்ந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டையையே. முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த், 1801 ஆம் ஆண்டுக்கும் 1804 ஆம் ஆண்டுக்கும் இடையில், கிரேக்க டோரிக் பாணியிலே தமக்கென மாளிகையொன்றைக் கட்டுவித்ததும் இங்கேதான். ஊரவர் அதனை அல்லிராணி கோட்டை என்பர். ஆங்கிலத் தேசாதிபதியின் கட்டடத்தை நாட்டார் கதைமரபின் அரசியொருத்திக்கு உரிமையாக்கிக்கொண்ட மக்கள் மனம் தனியே ஆராயத்தக்கது. அக்கட்டடத்தின் பெரும்பகுதியைக் கடல் இன்று அரித்துவிட்டது. எஞ்சிய செங்கற் சுவர்களும் கரையோடு சேர்ந்து சரிந்து வருகின்றன. ஊர்ப்பெயரின் மூலம் யாது என்னும் வாதத்தினுள் நாம் புகவில்லை. ஆயினும், கடல் கரையை அரித்தலையும், அழுகிய சிப்பியை அலசித் தட்டில் அரித்தலையும் ஒரே சொல்லாற் குறிக்கும் மொழியில் இப்பெயர் வெறுமனே ஒலிப்பதில்லை.

தேசாதிபதி இந்த வறண்ட கரையை நாடி வந்தமைக்குக் காரணம் காற்றோ காட்சியோ அன்று. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே கடலடியிற் கிடந்த முத்துப் பார்களே காரணம். அப்பார்களின் பொருளாதார வரலாறு ஓரளவுக்கேனும் எழுதப்பட்டுள்ளது. நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வது அவ்வரலாற்றின் பிறிதொரு பக்கத்தை. அமுக்கத்திற்குட்பட்ட உயிருடல், காயமுற்ற இழையம், அக்காயத்தின்மேற் படலம் படலமாய் வளரும் பூச்சு, அப்பூச்சை ஆராயவும் அடக்கவும் பயன்பட்ட கதிர்வீச்சு ஆகியவை பற்றிய பக்கம் அது. இவ்விடயங்கள் யாவும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முற்றிலும் வேறான ஒரு களத்தில், அதாவது அடைபட்ட இதய நாடியை விரிக்கும் அஞ்சியோபிளாஸ்டி என்னும் சிகிச்சையின் வரலாற்றில், மீண்டும் ஒன்றாய்த் தோன்றுகின்றன. இலக்கிய மாணவராகிய நாம் மருத்துவத்தினுட் கால்வைப்பது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் உடலும் உழைப்பும் இலக்கியத்திற்கு அயலானவை என்று கருதுவோர் தாம் எதனை இலக்கியம் என்கின்றனர் என்பதை முதலில் தெளிவாக்குதல் வேண்டும்.

முத்தைப் பற்றி நமது மரபு கூறுவனவற்றை முதலில் நோக்குவோம். சுவாதி நட்சத்திரத்திற் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகின்றது என்பது புலவர் மரபு. மூங்கிலிலும் யானைக் கொம்பிலும் கரும்பிலும் முத்துப் பிறக்கும் என்ற பட்டியலும் உண்டு. வணிகரின் மொழி இதனினும் நுட்பமானது. ஆணி முதல் தூள் ஈறாக முத்துக்களைத் தரம்பிரிக்க அது பத்துக்குக் குறையாத பெயர்களைக் கொண்டிருந்தது. இருபது துளையிலிருந்து ஆயிரம் துளைவரை கொண்ட பத்துப் பித்தளைத் தட்டுகளால் அரித்து, பருமன் வேறாக்கி, நிறுத்து, விலை வைத்தனர். கொற்கை முத்தின் ஒளியைச் சங்கப் பாடல்கள் அறிந்திருந்தன. சுறாவை விலக்கிக் கடலில் மூழ்கும் பரதவரும் அவற்றிலே தோன்றுகின்றனர் என்பதை மறைத்தலாகாது. ஆனால் காலம் செல்லச் செல்ல மூழ்குபவன் மறைந்து முத்து மட்டுமே எஞ்சியது. அரசனின் மார்பிலும் தேவியின் பல்வரிசையிலும் அது உவமையாய் அமர்ந்துகொண்டது. உற்பத்திப் பொருள் உற்பத்தியாளனை விழுங்கிவிடும் இந்நிகழ்வை விளக்க நாம் வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை.

மறைந்துபோன அம்மனிதனை, ஓரளவுக்கேனும், பிரித்தானியப் படையதிகாரியான பெர்சிவல் 1803 இல் வெளியிட்ட நூலிலும், பாதிரியாரான கோடினர் 1807 இல் வெளியிட்ட நூலிலும் காணலாம். ஒவ்வொரு படகிலும் பத்துக் குளியாட்கள். ஐவர் மூழ்க ஐவர் மேலே இளைப்பாறுவர். குளியாள் கல்லொன்றிற் காலை வைத்து, மூக்கை இறுக்கிப் பிடித்து, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திற்கு ஒரே வீச்சில் இறங்குவான். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்துள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக் கயிற்றை அசைப்பான். மேலுள்ளோர் இழுப்பர். இவ்வாறு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை. சுறா தீண்டாதிருக்கக் கடல்கட்டி எனப்படும் மந்திரவாதி கரையில் நின்று மந்திரம் ஓதுவான். அவனது கூலியும் சிப்பியாகவே அளக்கப்பட்டது. மேலே வந்த குளியாளின் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் நீரும், பல வேளைகளில் இரத்தமும் வழிவதைப் பெர்சிவல் கண்டு எழுதியுள்ளார். எழுதியவர், அது அடுத்த முறை மூழ்குவதற்குத் தடையாக அமைவதில்லை என்றும் அதே மூச்சிற் சேர்த்துள்ளார். அந்த இரண்டாவது கூற்றையே நாம் வரலாற்று ஆவணமாகக் கொள்கின்றோம்.

இந்த இரத்தம் எங்கிருந்து வந்தது என்பது இன்று தெளிவு. கடல்மட்டத்தில் நமது உடல்மீது ஒரு வளிமண்டல அமுக்கம் உள்ளது. பத்து மீற்றர் ஆழத்தில் அது இரண்டாகின்றது. மூச்சடக்கி இறங்குபவனின் நுரையீரலில் உள்ள வளி அவ்வாழத்திற் பாதிக் கனவளவாகச் சுருங்குகின்றது. நடுக்காதிலும் முகவெலும்புக் குழிகளிலும் அடைபட்ட வளி சுருங்கும்போது, சுவர்களிலுள்ள மென்மையான இரத்தக் குழாய்கள் உட்புறமாக உறிஞ்சப்பட்டு வெடிக்கின்றன, செவிப்பறை கிழிகின்றது. பொறிமுறைத் தகைப்பு என்று நூல்கள் கூறுவதன் மிக எளிய வடிவம் இதுவே. இத்தகைப்பு ஒரு நாளில் ஐம்பது முறை, ஒரு பருவத்தில் பல வாரங்கள், ஓர் ஆயுளிற் பல பருவங்கள் மீள்கின்றது. பசிபிக் சமுத்திரத்தின் துவாமொத்துத் தீவுகளில் முத்துக்குளிப்போருக்கு உண்டாகும் தலைச்சுற்றல், வாதம், சில வேளைகளில் மரணம் ஆகியவற்றை அவர்கள் தரவானா என்று அழைத்தனர். 1960 களில் அது மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றது. நம் கரையின் குளியாட்களுக்கு நேர்ந்தது எப்பெயரோடும் அந்த இலக்கியத்தை எட்டவில்லை.

சிப்பியின் நிலை வேறு. 1891 க்குப் பின்னர் பார்கள் பல்லாண்டுகள் வறண்டு கிடந்தமையால் வருமானம் இழந்த குடியேற்ற அரசு, லிவர்பூல் பேராசிரியரான ஹேட்மனை 1902 இல் இலங்கைக்கு வரவழைத்தது. அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலும் பார்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1903 க்கும் 1906 க்கும் இடையில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. சிப்பி எதை உண்கின்றது, எந்த மீன் அதனை உண்கின்றது, எந்தப் புழு அதன் உடலிற் குடியிருக்கின்றது என அதன் நலம் பற்றி எழுதப்படாத விடயம் அரிது. ஐந்து தொகுதிகள் சிப்பிக்கு. குளியாளின் செவிக்கு ஒன்றுமில்லை. ஏறக்குறைய அதே ஆண்டுகளிற்றான் பிரித்தானியக் கடற்படையின் வேண்டுகோளின்பேரில் ஹோல்டேன் என்பார் ஆழ்கடல் மூழ்கிகளைப் பாதுகாப்பாக மேலே கொணரும் அட்டவணைகளைத் தயாரித்து 1908 இல் வெளியிட்டார். அமுக்கமூட்டிய வளியைச் சுவாசித்து மூழ்குவோரின் நோய் வேறு, மூச்சடக்கி மூழ்குவோரின் நோய் வேறு என்பதை நாம் அறிவோம். நாம் சுட்டுவது அறிவின் திசையை. கடற்படை வீரனின் உடல் பேரரசின் சொத்து. குளியாளோ பருவத்திற்கு வந்து போகும் கை. கீழக்கரையிலிருந்தோ பரதவர் ஊர்களிலிருந்தோ அரபுக் கடலோரத்திலிருந்தோ அடுத்த பருவத்திற்கு வேறு கைகள் வரும்.

ஹேட்மன் முத்தின் தோற்றம் பற்றிக் கூறிய விடை இவ்விடத்திற் கவனிக்கத்தக்கது. நாடாப்புழுவின் குடம்பியொன்று சிப்பியின் உடலினுட் புகுந்து இறக்க, அதனைச் சுற்றிச் சிப்பி பூசும் படலமே முத்து என்றார் அவர். பிற்கால ஆய்வுகள் புழுவை மையத்திலிருந்து அகற்றிவிட்டன. ஓட்டைச் சுரக்கும் மேலணிக் கலங்கள் காயத்தினாலோ வேறு ஊறினாலோ இடம்பெயர்ந்து உள்ளிழையத்தினுட் சென்று பைபோல அமைந்து, தம் வழமையான தொழிலையே அவ்விடத்தும் தொடர்கின்றன. அதன் விளைவே முத்து என்பது இன்றைய கொள்கை. யப்பானியர் இதனைச் செயன்முறையாக்கி, அயற் சிப்பியொன்றின் மேலணித் துண்டையும் ஓர் உருண்டைக் கருவையும் சத்திரசிகிச்சையால் உட்செலுத்தி முத்து வளர்த்தனர். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், தூத்துக்குடியில், இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி 1973 இல் இவ்வகை முத்தை வெற்றிகரமாக உருவாக்கினார். எவ்வாறாயினும் அடிப்படை உண்மை ஒன்று நிலைத்தது. முத்து என்பது காயத்திற்கு உயிரிழையம் அளிக்கும் விடை. குணமடைதலே எல்லைமீறி வளர்ந்து நிற்கும் உருவம்.

கதிர்வீச்சும் இக்கரையை அன்றே எட்டிப்பார்த்தது. றொண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 இல். ஆறாண்டுகள் கழிவதற்குள், 1901 இல், பிரெஞ்சு உயிரியலறிஞர் றபாயேல் துபுவா, சிப்பியைக் கொல்லாமலே அதனுள் முத்துண்டா எனக் காண இக்கதிர் உதவும் என்றார். சிறிது காலத்துள் இலங்கைக் கடலிலும் அது பரிசோதிக்கப்பட்டது. அந்நாட்களில் இவ்வூர்களின் ஏழைகளில் எவரேனும் தம் நெஞ்சை எக்ஸ் கதிரிற் கண்டிருப்பரா என்று கேட்பது வீண்கேள்வியன்று.

1905 ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பு வரலாறு காணாதது. ஏறத்தாழ ஐயாயிரம் குளியாட்கள் எட்டுக் கோடிச் சிப்பிகளை எடுத்தனர். சிப்பிகளில் மூன்றிலிரண்டு அரசுக்கு, மூன்றிலொன்று குளியாட்களுக்கு என்பது வழக்கம். அரசின் பங்கு மட்டும் 25 இலட்சம் ரூபாவைத் தாண்டியது. குளியாள் தன் பங்கை முத்து உண்டா இல்லையா என்று அறியாமலே, அன்றன்றே, கொட்டின் வாயிலிற் காத்துநின்ற சிறுவணிகருக்கு விற்றான். அடுத்த ஆண்டில் அரசு பார்கள் அனைத்தையும் ஆண்டுக்கு 3,10,000 ரூபா குத்தகைக்கு, இருபதாண்டுக் காலத்திற்கு, லண்டன் மூலதனத்தைக் கொண்ட இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனிக்கு ஒப்படைத்தது. கம்பனியின் பெயரில் மட்டுமே முத்துக்குளிப்போர் இருந்தனர். 1907 க்குப் பின் பார்கள் மீண்டும் வறண்டன. குத்தகைக் காலம் முடிவதற்கு வெகுமுன்னரே கம்பனி கலைந்தது. பின்னர் 1925 இல் நிகழ்ந்தது போன்ற ஓரிரு முயற்சிகளோடு இத்தொழில் நினைவாகிவிட்டது. 1906 இல் மறிச்சுக்கட்டி முகாமிற் கடமையாற்றிய லெனாட் வூல்ஃப் பின்னர் குடியேற்றவாதத்தின் கடும் விமரிசகராய் மாறியமைக்கும், முத்துக்களையும் பன்றிகளையும் தலைப்பிலே கொண்ட சிறுகதையை எழுதியமைக்கும் இக்கரையின் அழுகிய சிப்பி நாற்றத்தில் ஒரு பங்குண்டு என நாம் கருதுகின்றோம்.

இனி நாடிக்கு வருவோம். இதயத்திற்கு இரத்தம் ஊட்டும் நாடிகளிற் கொழுப்புப் படிவு எல்லா இடத்திலும் ஒரேயளவிற் படிவதில்லை. குழாய் கிளைக்குமிடத்திலும் வளையுமிடத்திலும், இரத்தம் சுவரை உரசும் விசை தளர்ந்தும் திசைமாறியும் உள்ள இடங்களிலேயே அது மிகுதியும் சேர்கின்றது. 1960 களின் இறுதியிலேயே பிரித்தானிய ஆய்வாளர் கேரோவும் துணைவரும் இதனை எடுத்துக்காட்டினர். இவ்வடைப்பை நெஞ்சைப் பிளக்காமல் திறக்கலாம் எனும் எண்ணத்தை 1964 இல் அமெரிக்காவின் டொட்டர் கால்நாடியிற் செயலாக்கினார். 1977 செப்ரெம்பர் 16 அன்று சூரிச்சில் அந்திரெயாஸ் குருன்சிக் இதய நாடியினுட் சிறு பலூனொன்றைச் செலுத்தி ஊதி விரித்தார். தமது முதற் பலூன்களை அவர் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துக் கையாலேயே செய்தார் என்பது மெய். மூலதனம் கையைக் கண்டுகொள்ளும்வரை புத்தாக்கங்கள் பலவும் அவ்வாறே பிறக்கின்றன.

குளியாளின் செவியை இரண்டு வளிமண்டல அமுக்கம் கிழித்தது. பலூனோ நாடியின் உட்சுவரை அதனினும் பன்மடங்கு அமுக்கத்தால் விரிக்கின்றது. படிவு பிளக்கின்றது, அகவணி உரிகின்றது, நடுப்படை இழுபடுகின்றது. சிகிச்சை என்பது இங்கு திட்டமிட்ட காயமே. நாடி அதற்குச் சிப்பியைப்போலவே விடையளித்தது. நடுப்படையிலுள்ள மழமழப்பான தசைக் கலங்கள் பெருகி, உட்புறம் நகர்ந்து, படலமாய் வளர்ந்தன. நீட்டப்பட்ட சுவரும் மீளச் சுருங்கியது. ஆறு மாதங்களுள் நூற்றுக்கு முப்பது நாற்பது பேரின் நாடி மீண்டும் ஒடுங்கிற்று. பொதுமக்கள் இதனைக் கொழுப்பு மீண்டும் படிந்தது என்பர். உண்மையில் இது பழைய நோயின் மறுவருகையன்று, தழும்பு. 1986 இல் துலூசிலும் லோசானிலும் உட்புகுத்தப்பட்ட ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாய் சுவர் சுருங்குவதைத் தடுத்தது. தழும்பு வளர்வதை அதனாற் தடுக்க இயலவில்லை. வலைக்கம்பி எவ்வளவு ஆழமாய்ச் சுவரைக் காயப்படுத்துகின்றதோ அவ்வளவுக்குப் புதுப்படலம் தடிக்கின்றது என்பதைப் பன்றிகளின் நாடிகளில் நிகழ்த்திய பரிசோதனைகள் 1990 களின் தொடக்கத்தில் நிறுவின.

அப்போது கதிர்வீச்சை நாடினர். பெருகும் கலங்களை அழிப்பது கதிர்வீச்சின் இயல்பு. புற்றுநோய்க்கு அது பயன்படுவதும் அதனாலேயே. இரிடியம் 192, துரந்தியம் 90 போன்ற கதிரியக்க மூலகங்களை மெல்லிய குழாயில் வைத்து, ஒடுங்கிய ஸ்டென்டினுட் சில நிமிடங்கள் நிறுத்தி எடுத்தனர். 2000 நவம்பரில் ஐக்கிய அமெரிக்கா இதனை அங்கீகரித்தது. பயன் மெய்யானதே. ஆனால் இருவகைத் தீங்குகள் புலப்பட்டன. கதிர் குறைவாகப் பட்ட இரு ஓரங்களிலும், பலூன் காயம் இருந்து கதிர் போதாத இடத்தில், படலம் முன்னிலும் விரைந்து வளர்ந்தது. நடுவில் திறந்து இருமுனையும் ஒடுங்கிய அந்நாடியை மருத்துவர்கள் இனிப்புச் சுற்றிய தாளுக்கு ஒப்பிட்டனர். மற்றையது, உரிந்த அகவணியும் வளராது போனமையால் மாதங்கள் பல கழிந்தும் அவ்விடத்தில் இரத்தம் உறைந்தது. காயத்தின் விடையை முற்றாக வாய்மூடச் செய்தால் குணமடைதலும் நின்றுவிடுகின்றது. மூன்றாண்டுகள் கழிவதற்குள் மருந்து பூசிய ஸ்டென்டுகள் இம்முறையைப் பெருமளவு ஓரங்கட்டின. மருந்து ஸ்டென்டினுள்ளும் மீளமீள ஒடுங்கும் நோயாளர்க்காக ஒருசில நிலையங்களில் மட்டும் அது இன்றும் கையாளப்படுகின்றது.

அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்பதிற்றான் அரிப்பின் கதை மீண்டும் ஒலிக்கின்றது. 1964 இல் கனடிய ஆய்வுக்குழுவொன்று சிலிக்கு உட்பட்ட ராப்பா நுயி தீவிலிருந்து அள்ளிச் சென்ற மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரொன்றிலிருந்து, மொன்றியல் ஆய்வுகூடத்தில் பிரித்தெடுக்கப்பட்டதே ராப்பாமைசின். பஞ்சாபிற் பிறந்த சுரேன் சேகல் அப்பணியில் முதன்மையானவர். தீவின் பெயர் மருந்தின் பெயரில் நின்றது. 2003 இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அம்மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றின் விலை ஏறத்தாழ 3,000 டொலர். மண் ஓரிடத்தில், ஏலம் வேறிடத்தில். முகாமில் அள்ளிய சிப்பி பம்பாய் வழியே ஐரோப்பியக் கழுத்துகளைச் சென்றடைந்த பாதையை நாம் முன்னரே கண்டோம்.

தமிழ்ப் புலத்தில் இச்சிகிச்சை நுழைந்த வாயிலும் கவனத்திற்குரியது. இந்தியாவின் முதல் இதய நாடி அஞ்சியோபிளாஸ்டியை 1986 இல் செய்தவராக அறியப்படும் மத்தியூ சாமுவேல் களரிக்கல் சென்னையிற் பணியாற்றியவர், குருன்சிக்கிடம் பயின்றவர். கூட்டாண்மை மருத்துவமனைகள் தலையெடுத்த ஆண்டுகள் அவை. மன்னாருக்கு நேரெதிரே கடலுக்கப்பால் உள்ள இராமேஸ்வரத்திற் படகுடைய குடும்பத்திற் பிறந்த அப்துல் கலாம், மருத்துவர் சோம ராஜுவுடன் சேர்ந்து 1998 இல் மலிவான உள்நாட்டு ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார். பாதுகாப்புத் துறையின் உலோக அறிவு நாடிக்குத் திரும்பியது நல்லதே. ஆயினும் சந்தை அதனால் மாறிவிடவில்லை. இலட்சம் ரூபாவுக்கு மேலும் விற்கப்பட்ட மருந்து ஸ்டென்டின் விலையை 2017 பெப்ரவரியில் இந்திய அரசு 29,600 ரூபாவுக்கும், வெறும் உலோக ஸ்டென்டின் விலையை 7,260 ரூபாவுக்கும் வரையறுத்தபோது, பொருளின் மதிப்புக்கும் விலைக்கும் இடையே இருந்த இடைவெளியை எண்ணிலேயே காண முடிந்தது. அரசின் ஆணையொன்றால் ஒரே இரவில் மூன்றில் இரண்டு கரையக்கூடிய விலை, அதற்கு முந்திய நாள்வரை எதற்காக வாங்கப்பட்டது? இலங்கையிலோ இலவச வைத்தியசேவை என்னும் போராடிப் பெற்ற உரிமை இன்னும் உயிருடன் உள்ளது. 2022 இன் நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகள் மருந்தின்றி, அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தபோது அவ்வுரிமையின் நாடி எவ்வளவு ஒடுங்கியுள்ளது என்பதும் தெரிந்தது.

ஒப்புமையை எல்லைமீறி இழுத்தல் தகாது. முத்து கல்சியம் காபனேற்றுப் படலம். நாடித் தழும்பு கலங்களும் நாரும். குருன்சிக்கின் பலூன் எண்ணற்ற உயிர்களை மீட்டது. சிப்பிப் பார்கள் எவரையும் மீட்கவில்லை. நாம் வற்புறுத்துவது ஒன்றே. காயத்தின்மேல் வளரும் படலம் இயற்கை நிகழ்வு. அதனை அணியென்பதா நோயென்பதா, அதனை அறிய எத்தனை தொகுதிகள் எழுதுவதா, அக்கதிரை எவர்மேல் வீசுவதா என்பவை உற்பத்தி உறவுகள் தீர்மானித்தவை.

இன்றைய முசலிக் கரையில் முத்துப்படகு இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 2007 இல் படைநடவடிக்கையால் இடம்பெயர்ந்த அரிப்பு, சிலாவத்துறை மக்களும் திரும்பி வந்து, எஞ்சிய நிலத்திலும் கடலிலும் வாழ்வைத் தொடங்கினர். சங்குக்கும் கடலட்டைக்குமாக வளிச்சிலிண்டர் கட்டி மூழ்குவோரை இக்கரையோரத்தில் இன்றும் காணலாம். கடலட்டை கிழக்காசியச் சந்தைக்குப் போகின்றது. விரைந்து மேலெழும் மூழ்கியின் இரத்தத்திற் குமிழிகள் தோன்றி மூட்டும் முள்ளந்தண்டும் பாதிக்கப்படுவது இத்தொழிலில் அறியப்பட்ட ஆபத்து. 1908 இல் வெளியான அட்டவணை அவர்களுக்கும் உரியதே. பழைய முத்துக்குளிப்பு அறிக்கைகளின் அட்டவணைகளிற் படகுக்கு ஒரு நிரல், குளியாளுக்கு ஒரு நிரல், சிப்பிக்கு ஒரு நிரல், வருமானத்திற்கு ஒரு நிரல் உண்டு. செவிடாகி ஊர் திரும்பியோருக்கு நிரல் இல்லை. கடலட்டைக்கான இன்றைய அனுமதிப்பத்திரங்களிலும் அந்நிரலை நாம் தேடிக்கொண்டிருக்கின்றோம்.